காது கேட்காத டாக்டர்

பி.காம். முடித்து, வங்கித் தேர்வில் மூன்று முறை மண்ணைக் கவ்விய பிறகுதான் எனக்கு மனித மனத்தின் மேல் திடீர் அக்கறை பிறந்தது. தொலைதூரக் கல்வியில் எம்.எஸ்சி. உளவியல். முதல் வேலை மதுரைப் பள்ளி ஒன்றில் ஆலோசகர். எந்த டீச்சர் லீவு போட்டாலும் அந்த வகுப்புக்கு என்னைத்தான் அனுப்புவார்கள். பிள்ளைகளின் மனக்குறையைக் கேட்டதைவிட வாய்ப்பாடு கேட்டதே அதிகம்.

பிறகு பிளைவுட் தடுப்பு வைத்துச் சொந்தமாக ஓர் அறை போட்டேன். அப்போது எனக்கு உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் மேல் பித்து. எதிரில் இருப்பவரை எடைபோடாமல் ஏற்க வேண்டும், அவர் இடத்தில் நின்று உணர வேண்டும், முக்கியமாக நடிக்கக் கூடாது என்று 1957இல் எழுதியவர். நான் பிடித்துக்கொண்டதோ, வந்தவர் சொன்னதை அவரிடமே திருப்பிச் சொல்லும் வித்தையை மட்டும்.

முதல் மாதமே ஒரு பெரியம்மா வந்தார். (அடையாளத்தை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

"மருமக என்கிட்ட பேசுறதே இல்ல தம்பி."

"அவங்க உங்ககிட்ட பேசுறதே இல்லைங்கிறீங்க..."

"ஆமா. காப்பித்தண்ணி வேணுமான்னுகூட கேக்க மாட்டா."

"காப்பி வேணுமான்னுகூட கேக்கிறதில்ல..."

பெரியம்மா முன்னால் சாய்ந்து, குரலை உயர்த்தி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "காப்பி. கேக்க. மாட்டா." வெளியே காத்திருந்த மகனிடம் அவர் சொன்னது தடுப்பைத் தாண்டி விழுந்தது: "நல்ல பையன்தான். பாவம், காதுதான் மந்தம்."

அன்றைக்குத்தான் படித்தேன்: அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் 1966இலேயே எலிசா என்றொரு கணினி நிரலைப் பற்றி எழுதியிருக்கிறார். நாம் தட்டச்சு செய்வதையே கேள்வியாகப் புரட்டிப்போட்டு, ரோஜர்ஸ் பாணி மருத்துவர் மாதிரி பேசுமாம். நான் பிறப்பதற்கு முன்பே என் தொழிலை ஒரு மிஷின், அதுவும் ஃபீஸ் வாங்காமல், செய்து முடித்திருக்கிறது. அன்றிரவு தூக்கம் வரவில்லை.

கிளிப்பிள்ளை வேலையை விட்டேன். புரியாவிட்டால் "புரியலையே" என்று கேட்கப் பழகிக்கொண்டிருந்தபோது பெரியம்மா மறுபடி வந்தார். உட்காரும்போதே உரத்த குரலில், "தம்பி, கேக்குதா?"

என் காதில் குறையில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு ஆரம்பித்துவிட்டார். மருமகளில் தொடங்கி, செத்துப்போன வீட்டுக்காரரிடம் போய், நாற்பது வருடமாக யாரிடமும் சொல்லாத ஒன்றில் வந்து நின்று, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். நான் எழுந்து மின்விசிறியை ஐந்தில் வைத்தேன், வெளியே கேட்காமலிருக்க.

அப்புறம் உட்கார்ந்து, வலது காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டேன். நடிக்கக் கூடாது என்ற நிபந்தனையில் அவரிடம் மட்டும் இன்றுவரை ஃபெயில்.