தலை வெடித்தாலும் பரவாயில்லை

என் மச்சானுக்குக் கதை பிடிக்கும். ஆனால் அதைக் கதையாக விட்டுவைக்கத்தான் பிடிக்காது. போன பொங்கலுக்கு வந்திருந்தார். ராத்திரி என் பெண்ணுக்கு விக்கிரமாதித்தன் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். ராஜா முருங்கை மரமேறி, கயிற்றை வெட்டி, வேதாளம் குடியிருக்கும் பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறான். அவள் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு, "அப்புறம்?" என்றாள்.

"முருங்கைக் கிளை பிணத்தைத் தாங்காதே, மாப்ளே" என்றார் மச்சான்.

வாஸ்தவம்தான். கனமான காக்கை உட்கார்ந்தாலே யோசிக்கிற கிளை அது. வடமொழி மூலத்தில் இருப்பது சிம்சபா மரம். அதையும் அவரே சொன்னார். தமிழுக்கு வந்த வேதாளம் முருங்கைக்கு ஜாகை மாற்றியதில் ஏதோ விளிம்புநிலை அரசியல் இருக்கிறதாம். எனக்கு அப்படியெல்லாம் தோன்றவில்லை. கிளை முறிந்தால் ராஜாவுக்கு வெட்டுகிற வேலை மிச்சம், அவ்வளவுதான்.

பார்க்கப்போனால் வேதாளமும் மச்சான் கட்சிதான். கதையைப் பிரமாதமாகச் சொல்லும். முடித்த கையோடு கேள்வித்தாளை நீட்டும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். சொன்னாலோ, மௌனம் கலைந்தது என்று மறுபடி மரமேறிவிடும். எம்.ஏ. வாய்மொழித் தேர்வே தேவலை. ராஜா அலசி அலசிச் சரியான விடை சொன்னதில் கண்ட பலன், சுடுகாட்டில் வெட்டி நடை. கடைசிக் கதையில் ஒரு தாயும் மகளும், வேறொரு குடும்பத்து அப்பனும் பிள்ளையும் வருவார்கள். அப்பன் மகளைக் கட்டிக்கொள்கிறான், அவன் பிள்ளை தாயைக் கட்டிக்கொள்கிறான். பிறக்கிற குழந்தைகளுக்குள் என்ன முறை? ராஜாவுக்குத் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு நடந்தான். அன்றைக்குத்தான் வேதாளம் மரமேறவில்லை!

1947இல் தொடங்கிய அம்புலிமாமா, பழைய கதைகள் தீர்ந்த பிறகும் புதிது புதிதாகக் கட்டி அவனை விடாமல் நடக்க வைத்தது. ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம்! கையில் உருவிய வாள், தோளில் பிணம். அதைப் பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போகப் பயந்தோமே தவிர, குறியீடு தேடியதில்லை.

மச்சான் அடுத்துப் பொன்னியின் செல்வனுக்குத் தாவினார். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதை, 1950 முதல் 1954 வரை தொடர் எழுதிய கல்கியே பட்டும் படாமலும் விட்டுவிட்டார். உடையார்குடிக் கல்வெட்டில் ரவிதாசன் முதலானோர் பெயர் இருக்கிறது. மச்சானுக்கு அது போதவில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் சுந்தர சோழர் வரைக்கும் சந்தேகப்பட்டுவிட்டார். எனக்கென்னவோ ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறானே, அதுவே போதும். கொலையாளியைச் சோழ நாட்டுக் காவல்துறை பார்த்துக்கொள்ளட்டும்.

அலசலே கூடாது என்றா சொல்கிறேன்? தாராளமாக அலசலாம், குழந்தை தூங்கிய பிறகு.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு மச்சான் வருவார். கதை தொடங்கும்போதே அவர் கையில் ஒரு முறுக்கைக் கொடுத்துவிடுங்கள். கைமுறுக்காக இருந்தால் விசேஷம். கடித்து முடிக்க நேரமாகும்.