வழி பார்க்கிறேன், சார்!

மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற கார் ஒரு நொடியில் பதினாறு மீட்டருக்கு மேல் தாண்டிவிடும். பெரியம்மா அனுப்பிய 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூவை ஐந்து நொடி ரசித்தால், எண்பது மீட்டர் தூரம் காரை ஓட்டுவது ரோஜாப்பூதான். அந்த எண்பது மீட்டருக்குள் கீரைக்கட்டோடு ஒரு பெரியவர், அரசு தந்த விலையில்லா சைக்கிளில் ஒரு பிளஸ் ஒன் மாணவி என்று சிலர் மிதித்துக்கொண்டிருப்பார்கள். தப்பு அவர்கள் பேரில்தான். திரையில் வராத ஆட்களுக்குச் சாலையில் என்ன வேலை?

சட்டம் சும்மா இல்லை. 2019 திருத்தத்தின்படி, கையில் போனோடு ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆவது பிரிவில் வரும் ஆபத்தான ஓட்டுதல். முதல் தடவைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு. 2020இல் விதியில் ஒரு சலுகை வந்தது: கவனம் சிதறாமல், வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம். அன்றிலிருந்து எல்லோரும் வழிதான் பார்க்கிறார்கள், கிரிக்கெட் ஸ்கோரிலும் கல்யாண ஆல்பத்திலும்.

சைக்கிள்காரரிடம் இருப்பது ஒரு மணி. பதறி அடிப்பார். கண்ணாடியை ஏற்றி, ஏசியில் பேசிக்கொண்டிருப்பவர் காதில் அது விழுந்தால் சொல்வார்: "மச்சான், உன் போன்ல ஏதோ மெசேஜ் வந்த மாதிரி இருக்கு, பாரு."