செங்கம் விசா

ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது ஆயா அசரவில்லை. அந்த விசா கையில் இருந்தால் ஜெர்மனி மட்டுமில்லை, ஷெங்கன் நாடுகள் அத்தனையும் சுற்றலாம் என்று தம்பி விளக்கியபோதுதான் வெற்றிலை இடிப்பதை நிறுத்தினாள்.

"செங்கம் போறதுக்கு இன்னாத்துக்குடா விசா?"

"செங்கம் இல்ல ஆயா, ஷெங்கன்."

"அதான் நானும் சொல்றேன். பஸ் ஸ்டாண்டாண்ட போய் நின்னா வண்டி மேல வண்டி. உங்க தாத்தா மாடு ஓட்டிக்கினே போயாந்தாரு. அவர எவன் விசா கேட்டான்?"

திருவண்ணாமலையிலிருந்து பெங்களூரு போகும் சாலையில் சுமார் 35 கிலோமீட்டர் போனால் செய்யாற்றங்கரையில் செங்கம். ஆயா பிறந்த ஊர். சங்க காலத்தில் அதற்குச் செங்கண்மா என்று பெயர். நன்னன் ஆண்ட ஊர். அவனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்கு எந்த வழியாகப் போகவேண்டும், எங்கே கால் வழுக்கும், எந்தக் குடியில் சோறு கிடைக்கும் என்று 583 அடிகளில் சொல்லும் பாட்டுதான் மலைபடுகடாம். பத்துப்பாட்டில் ஒன்று. வழியில் யாராவது கூத்தரை நிறுத்தி ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டதாக அதில் குறிப்பு இல்லை. ஆயா மலைபடுகடாம் படித்தவளில்லை. ஆனால் அவள் கட்சிக்கு இரண்டாயிரம் வருட ஆதாரம் இருந்தது.

எங்கள் வீடும் செங்கம் ரோட்டில்தான், ரமணாசிரமத்தைத் தாண்டி ஒரு சந்தில். பின்னாளில் ரமணர் ஆன பதினாறு வயது வேங்கடராமன் 1896 செப்டம்பர் 1 அன்று இந்த ஊரில் வந்து இறங்கி, அப்புறம் ஊரை விட்டுப் போகவே இல்லை. 1934-ல் பால் பிரண்டன் என்ற இங்கிலீஷ்காரர் அவரைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அதன்பிறகு வெள்ளைக்காரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அப்பா மாடியில் ஓர் அறை கட்டி அவர்களுக்கு வாடகைக்கு விட்டார். அதற்கு மேல் இன்னொரு தளம் எழுப்பத் தூண் நிறுத்தினார். பணம் நின்றது, கம்பிகள் மட்டும் பதினைந்து வருடமாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

ஆகவே நான் பிறக்கும்போதே ஐரோப்பா எங்கள் மாடியில் குடியிருந்தது. எனக்குத் தெரிந்த ஐரோப்பியர்கள் காவி வேட்டி கட்டுவார்கள், செருப்பில்லாமல் 14 கிலோமீட்டர் கிரிவலம் போவார்கள், இட்லியைக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவார்கள், செவ்வாய்க்கிழமை மௌன விரதம் இருப்பார்கள். ஒருவரும் வேலைக்குப் போய் நான் பார்த்ததில்லை. ஐரோப்பா என்பது ஒரு பெரிய ஆசிரமம், அங்கே மணிக்கு ஒருதரம் எலுமிச்சை டீ தருவார்கள் என்று நம்பித்தான் விண்ணப்பம் போட்டேன்.

முதல் அடி, காசு. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது என்று கேட்டதும் அப்பா உற்சாகமானார். ஒரு வருடச் சாப்பாட்டுச் செலவை முன்கூட்டியே அங்கே ஒரு கணக்கில் போட்டுப் பூட்டி வைக்க வேண்டும் என்றதும் உற்சாகம் வடிந்தது. நான் போன 2023-ல் அது 11,208 யூரோ. நம் கணக்கில் சுமார் பத்து லட்சம். அவலூர்பேட்டை ரோட்டில் இருந்த மனை அடமானத்துக்குப் போனது. அந்தப் பணத்தை மாதம் 934 யூரோவாகத்தான் எடுக்க முடியும் என்றேன்.

"நம்ம காசுதானே?"

"நம்ம காசுதான்."

"அத அவன் நமக்கு மாசா மாசம் குருக்கள் விபூதி கொடுக்கறாப்புல கிள்ளிக் கொடுப்பானா?" என்றார் அப்பா. அந்தக் கணக்குமுறைக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் இன்னும் கேட்கவில்லை.

போய் இறங்கியதும் இரண்டாவது அடி. ஜெர்மனியில் குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் போய், இன்ன வீட்டில் இருக்கிறேன் என்று பதிய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள், பாஸ்போர்ட், படிவம் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். அதிகாரி அம்மையார் என் பாஸ்போர்ட்டை வெகுநேரம் பார்த்தார்.

"அருணாசலம் என்பது உங்கள் குடும்பப் பெயரா?"

"அப்பாவின் பெயர்."

"சரி, அப்பாவின் குடும்பப் பெயர்?"

"அது தாத்தாவின் பெயர்."

"அப்படியானால் உங்கள் குடும்பத்துக்கு என்னதான் பெயர்?"

"குடும்பத்துக்குப் பெயர் கிடையாது. ஆளுக்குத்தான் பெயர்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். 1902-ல் சிவப்பிரகாசம் பிள்ளை மலையேறிப் போய் ரமணரிடம் "நான் யார்?" என்று கேட்டார். ரமணர் அப்போது பேசுவதில்லை, பதிலை எழுதிக் காட்டினார். உடம்பு நான் அல்ல, புலன்கள் நான் அல்ல என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகும் வழி அது. அதே வழியைத்தான் அம்மையாரும் பின்பற்றினார். இது உங்கள் பெயர் அல்ல, இது உங்கள் குடும்பம் அல்ல, இந்தக் கையெழுத்து பாஸ்போர்ட்டில் இருப்பதும் அல்ல. ஒரே ஒரு வித்தியாசம்தான். ரமணர் நகல் கேட்கவில்லை.

கடைசியில் நான் ஹெர் அருணாசலம் ஆனேன். அதாவது திருவாளர் அப்பா. என் சொந்தப் பெயரை இந்தக் கட்டுரையில் எங்கேயும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? அங்கேயும் தேவைப்படவில்லை. பேராசிரியர் ஹெர் அருணாசலத்துக்கு மெயில் போடுவார், நூலகம் ஹெர் அருணாசலத்துக்கு அபராதம் போடும். அழைப்புமணியின் பக்கத்தில் பெயர் ஒட்டினால்தான் தபால்காரர் கடிதம் போடுவார் என்பதால் அங்கேயும் அருணாசலம். படம் எடுத்து அனுப்பினேன். திருவண்ணாமலையில் சொந்த வீட்டு வாசலில் இல்லாத பெயர்ப்பலகை ஐரோப்பாவில் தனக்கு இருப்பதை அப்பா செங்கம் ரோடு முழுக்கக் காட்டினார். முதல் பரீட்சையில் ஹெர் அருணாசலம் ஃபெயில் என்று மெயில் வந்தது. அதை மட்டும் அவர் யாருக்கும் காட்டவில்லை. "ஏண்டா, அறுபது வயசுல என்ன ஃபெயிலாக்கிட்டியே" என்றார்.

நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கார்த்திகை தீபம். ஊரில் மாலை ஆறு மணி என்றால் அங்கே மதியம் ஒன்றரை. ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடை கிடையாது, சத்தம் கிடையாது, சுவரில் ஆணி அடித்தால் எதிர்வீட்டுக்காரர் வந்து நிற்பார். கைபேசியில் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. மலை உச்சியில் கொப்பரை பற்றியதும் இங்கே நானும் ஒரு தட்டில் சின்னதாக ஒரு கற்பூரம் ஏற்றினேன். ஊரில் 2,668 அடி உயரத்தில் டின் டின்னாக நெய் ஊற்றி எரிக்கிறோம், ஒரு மணியும் அடிப்பதில்லை, கோயில் மணியைத் தவிர. இங்கே ஒற்றைக் கற்பூர வில்லைக்குக் கூரையில் இருந்த புகை அலாரம் கட்டடமே அதிரக் கத்தியது. நான் நாற்காலியில் ஏறி அதை விசிறிக்கொண்டிருக்கும்போது கீழ்வீட்டுத் தாத்தா கதவைத் தட்டினார். உள்ளே எட்டிப் பார்த்தார். கைபேசித் திரையில் ஒரு மலை பற்றி எரிந்துகொண்டிருந்தது. கீழே லட்சக்கணக்கில் ஜனம்.

"தீயணைப்புத் துறைக்குச் சொல்லியாகிவிட்டதா?" என்று பதறினார்.

"அவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள்" என்றேன். தாத்தா என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் படியிறங்கினார். எங்கள் மாடியில் குடியிருந்தவர்கள் செவ்வாய்க்கிழமைகளில் இப்படித்தான் இறங்கிப் போவார்கள்.

படிப்புக்கு நடுவே ஊர் சுற்றினேன். அப்போது மாதம் 49 யூரோவுக்கு ஒரு டிக்கெட் வாங்கினால் ஜெர்மனி முழுக்க டவுன் பஸ்ஸிலும் பாசஞ்சர் ரயிலிலும் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். வேக ரயிலில் மட்டும் ஏறக்கூடாது. நான்கு மணி நேரப் பயணம் ஒன்பது மணி நேரமாகும், ஆறு இடத்தில் வண்டி மாற வேண்டும். விழுப்புரம் ஜங்ஷனில் நின்று வளர்ந்தவனுக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா?

கொலோன் நகரத்துப் பேராலயத்தின் 533 படிகளையும் ஏறி, மேலிருந்து அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "நம்ம ராஜகோபுரத்தைவிட உசரமா?"

நம் கோபுரம் 217 அடி. கிருஷ்ணதேவராயர் தொடங்கி வைத்தது, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்தது. கொலோன் கோபுரம் 157 மீட்டர், கிட்டத்தட்ட 515 அடி. உண்மையைச் சொன்னேன். எதிர்முனையில் மௌனம்.

"எத்தினி வருசம் கட்டினாங்க?"

"1248-ல ஆரம்பிச்சு 1880-ல முடிச்சாங்கப்பா. நடுவுல முன்னூறு வருசம் போல வேலை நின்னுபோச்சு. பாதிக் கோபுரத்து மேல பாரந்தூக்கி மட்டும் அப்படியே நின்னுக்கிட்டிருந்துச்சாம்."

அப்பா கணக்குப் போட்டார். 632 வருடம். "அப்ப நம்ம மாடிக்கு இன்னும் டைம் கீது" என்றார். குரலில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அடுத்தது ட்ரியர். 1818-ல் கார்ல் மார்க்ஸ் பிறந்த ஊர். கட்சிக்காரரான பெரிய மாமா படம் கேட்டிருந்தார். அந்த ஊரில் ஒரு தெருமுனை சிக்னலில் மனித உருவத்துக்குப் பதிலாக மார்க்ஸே நிற்கிறார், தாடியோடு. படம் எடுத்து அனுப்பி, மார்க்ஸ் சிவப்பாக இருந்தால் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள், பச்சையானால்தான் முன்னேறுகிறார்கள் என்று விளக்கமும் எழுதினேன். மாமா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

ட்ரியர் வரைக்கும் போனவன் ஆயாவுக்காக ஒரு காரியம் செய்தேன். அங்கிருந்து மோசல் ஆற்றை ஒட்டியே ஒரு சின்ன ரயில் பெர்ல் என்ற கிராமத்துக்குப் போகிறது. அதில் இறங்கி, நடந்து, ஆற்றுப்பாலத்தைத் தாண்டினால் லக்சம்பர்க். பாலம் முடிகிற இடத்தில் இருக்கும் கிராமத்தின் பெயர்தான் ஷெங்கன். 1985 ஜூன் 14 அன்று பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஐந்தும் இங்கே ஆற்றில் நின்ற ஒரு படகில் உட்கார்ந்து, எங்களுக்குள் இனி எல்லைச் சோதனை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டன. இன்றைக்கு 29 நாடுகள் அதில் இருக்கின்றன. பாலத்தில் பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்தேன். கேட்க ஆளில்லை. இத்தனை வருடம் எல்லோரும் கேட்டுக் கேட்டு, கேட்காதது ஒரு மாதிரி அவமானமாகக்கூட இருந்தது.

வீடியோவில் ஆயாவைக் கூப்பிட்டேன். "ஷெங்கனுக்கே வந்துட்டேன், பாரு."

திராட்சைத் தோட்டம், ஆறு, நாலு தெரு. ஆயா திரையை மூக்கோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள்.

"ஆத்துல தண்ணி ஓடுது. செய்யாத்துல ஏது தண்ணி? இது செங்கம் இல்ல."

"அதான் ஆயா, இது வேற."

"பஸ் ஸ்டாண்டு எங்க? சந்தை எங்க? ஒரு மல்லாட்டை விக்கறவகூட இல்லியே. இந்த ஊரப் பாக்கவா மனைய அடமானம் வெச்சீங்க?"

2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் நில எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனையைத் தற்காலிகமாகத் திரும்பக் கொண்டுவந்தது. லக்சம்பர்க் போய்த் திரும்பும்போது போலீஸ்காரர் பஸ்ஸில் ஏறி என்னிடம் கேட்டார். குடும்பப் பெயர்? அருணாசலம். சொல்லும்போது இந்த முறை எனக்கே சந்தேகம் வரவில்லை.

படிப்பு முடிந்து ஊருக்கு வந்தேன். வந்த மறுநாளே மாடி அறைக்குப் புதிதாக ஒரு ஜெர்மன்காரர். வயது அறுபது இருக்கும். சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்து, பையோடு வாசலில் வியர்த்துப்போய் நின்றார். அப்பா மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். மூக்கில் கண்ணாடி. வெளிநாட்டுக்காரர் யார் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அரசாங்கத்துக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். சின்ன வயதிலிருந்து பார்க்கிற காட்சிதான். பாஸ்போர்ட் நகல், விசா நகல், போட்டோ. இத்தனை வருடம் அவர்களைத் துறவிகள் என்று நினைத்த எனக்கு, எல்லாவற்றையும் துறந்து வந்தவர்களிடமும் ஜெராக்ஸ் இருந்தது அப்போது உறைக்கவில்லை.

"தகப்பனார் பேரு கேளுடா" என்றார் அப்பா.

கேட்டேன். அவர் தன் குடும்பப் பெயரைச் சொன்னார்.

"அது இவர் பேரு. அப்பா பேரு?"

"அப்பாவுக்கும் அதே பெயர்தான்" என்றார் அவர்.

"தாத்தாவுக்கு?"

"அதேதான்."

அப்பா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "மூணு பேருக்கும் ஒரே பேரா? அப்ப இதுல யாருடா இந்த ஆளு?"

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த நேரம் உள்ளேயிருந்து ஆயா எட்டிப் பார்த்தாள்.

"யாருடா அது? எந்த ஊராம்?"

ஜெர்மனி என்று சொல்ல வாயெடுத்தவன், மாற்றிக்கொண்டேன். "ஷெங்கன் பக்கம் ஆயா."

"செங்கமா? பக்கத்து ஊருக்காரன வெயில்ல நிக்க வெச்சு இன்னாத்தடா கேட்டுக்கினு கீறீங்க? உள்ள வரச் சொல்லு, சோறு ஆறிப்போவுது."

அப்பா பேனாவை மூடினார். படிவத்துக்கு இன்னும் இருபத்து மூன்று மணி நேரம் இருந்தது.