துடைப்பம் வருவதற்குள் தேனீயை அடையாளம் காண்பது எப்படி?

தனித்தேனீ பார்க்கக் கிளம்புகிறவருக்கு முதலில் வேண்டியது பூதக்கண்ணாடி அல்ல, ஒரு சாக்கு. காலை ஒன்பது மணி வெயிலில் கத்திரிச்செடி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பூவையே முறைத்துக்கொண்டிருக்கும் ஆளை வடலூரில் யாரும் சும்மா விடமாட்டார்கள். "என்ன தம்பி, மோதிரம் விழுந்துடுச்சா?" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். தேனீ பார்க்கிறேன் என்று உண்மையைச் சொன்னால், கூடு எங்கே, எத்தனை பாட்டில் வரும், எனக்கு ஒன்று எடுத்து வை என்று பேச்சு வளரும்.

ஒரு சொட்டும் வராது. உலகில் 20,000 வகைக்கு மேல் தேனீக்கள் உண்டு. ராணி, வேலைக்காரி என்று கூட்டுக்குடும்பம் நடத்துபவை அதில் சிறுபான்மை. மற்றவையெல்லாம் தனிக்குடித்தனம். ஒரு பெண், ஒரு பொந்து, அதற்குள் தேனில் பிசைந்த மகரந்த உருண்டை, அதன்மேல் ஒரு முட்டை, பிறகு வாசலை அடைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடும். ஆண் பூவோரம் சுற்றுவதோடு சரி.

ஆகவே தண்ணீர்த் தொட்டிக்கடியில் தொங்கும் மலைத்தேனீ, வேலியிலிருக்கும் கொம்புத்தேனீ, சுவர் ஓட்டையில் குடியிருக்கும் கொசுத்தேனீ மூன்றையும் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். மிச்சத்தை ஊர் ஏற்கெனவே வகைப்படுத்தி வைத்திருக்கிறது: பெரிதாக இருந்தால் வண்டு, சிறிதாக இருந்தால் குளவி. இரண்டுக்கும் வைத்தியம் துடைப்பம். சங்கப் புலவர்கள் வண்டு, சுரும்பு, ஞிமிறு, தும்பி என்று தாராளமாகப் பெயர் வைத்தார்கள். எது எது என்று படம் போட்டு வைக்க மறந்துவிட்டார்கள். குறுந்தொகையில் இறையனார் தும்பியை நிறுத்திக் கேள்வி கேட்கிறார். இன்றைக்குத் தும்பி எங்கே என்று கேட்டால் பிள்ளைகள் தட்டானைக் காட்டுகிறார்கள்.

விஞ்ஞானிகளிடம் வழி கேட்டால், பிடித்து, மருந்துப் புட்டியில் போட்டுக் கொன்று, குண்டூசியில் குத்தி, நுண்ணோக்கிக்கடியில் சிறகு நரம்பைப் பார்க்கச் சொல்வார்கள். பிங்ஹாம் என்ற ராணுவ அதிகாரி 1897-ல் இந்தியாவின் குளவிகளையும் தேனீக்களையும் பற்றித் தடித்த புத்தகம் போட்டது அப்படிக் குத்தி வைத்தவற்றைப் பார்த்துத்தான். வடலூரில் இது செல்லாது. 1872-ல் வள்ளலார் எழுப்பிய சத்திய ஞான சபை வாசலிலேயே, கொலையையும் புலாலையும் விட்டவர்கள்தான் உள்ளே வரலாம் என்று எழுதியிருக்கிறது. குண்டூசி டப்பாவோடு சபையைச் சுற்றியுள்ள பெருவெளியைக் கடக்க எனக்குத் தைரியமில்லை. எனவே நம் முறை உயிரோடு பார்ப்பது. பெயரில் பாதிதான் தெரியவரும். பரவாயில்லை.

கத்திரியில் ஆரம்பிப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே கண்ணை விடக் காது பயன்படும். கத்திரிப்பூவின் நடுவில் மஞ்சளாகக் குவிந்திருக்கும் மகரந்தப்பைகள் மற்றப் பூக்களைப்போலப் பிளந்துகொள்வதில்லை. நுனியில் ஊசித்துளை மட்டும் இருக்கும், உப்பு டப்பா மாதிரி. உலுக்கினால்தான் கொட்டும். தேன்பெட்டியில் வளர்க்கும் வீட்டுத்தேனீக்கு அந்த வித்தை தெரியாது. நீலவரித்தேனீ வரும், வயிற்றின் மேல்பக்கம் மயில்நீலப் பட்டைகள். பூவைக் கட்டிப்பிடிக்கும், சிறகை அசைக்காமல் பறக்கும் தசையை மட்டும் துடிக்கவிடும். ஙொய்ங் என்று வந்த சத்தம் சட்டென்று ஸ்ருதி ஏறி, ஸ்ஸீங் என்று இரண்டு விநாடி. அதன் நெஞ்சில் மஞ்சள் பொடி தெறிப்பதை அருகில் இருந்தால் பார்க்கலாம். மரத்தைத் துளைத்துக் குடியேறும் பெரிய தேனீ, ஊர்மொழியில் கருவண்டு, அதுவும் இதே வேலையைச் செய்யும், கட்டைக்குரலில். எண்ணெய்க் கத்திரிக்காயில் இவர்கள் பங்கு இருக்கிறது என்று வீட்டில் சொன்னேன். "அப்ப வண்டையே கடைக்கு அனுப்பு" என்று பதில் வந்தது.

நீலவரியைப் பகலில் படம் எடுக்க முயலாதீர்கள். என் போனில் கத்திரிப்பூவின் அழகான படங்கள் நூற்றுக்குமேல் இருக்கின்றன, தேனீ இல்லாமல். சாயங்காலம் ஆறு மணிக்கு வேலியோரம் காய்ந்த குச்சிகளைப் பாருங்கள். ஆண்கள் வரிசையாகக் குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு, காலைத் தொங்கவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார்கள், கடைசிப் பஸ்ஸின் கம்பியில் தொங்குகிறவர்கள் மாதிரி. எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

ரோஜா இலையில் காசளவுக்கு அரைவட்டமாக வெட்டு விழுந்திருந்தால் பக்கத்து வீட்டுப் பையனைச் சந்தேகிக்க வேண்டாம். இலைவெட்டித் தேனீ. பத்து எண்ணுவதற்குள் கத்தரித்து, துண்டை வயிற்றுக்கடியில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பறந்துவிடும். குழந்தையின் அறைச்சுவருக்கு நீள்வட்டத் துண்டு, மூடிக்கு வட்டத்துண்டு என்று அளவெடுத்து வெட்டும். மற்றத் தேனீக்கள் மகரந்தத்தைப் பெரும்பாலும் காலில் சுமக்க, இந்தக் குடும்பம் வயிற்றில் அப்பிக்கொள்ளும். அடிவயிறு மஞ்சளாக இருந்தாலே ஆள் யார் என்று பாதி தெரிந்துவிடும். ரோஜாச்செடியை உரக்கடைக்காரரிடம் காட்டினேன். தெளிக்கச் சொல்லி மூன்று மருந்து எழுதிக்கொடுத்தார்.

கருவண்டுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த மூங்கில், பழைய கூரை மரம், 2011 தானே புயலில் சாய்ந்து வேலிக்காலாகிப்போன முந்திரிக்கட்டை. அடியில் மரத்தூள் உதிர்ந்திருந்தால் அண்ணாந்து பாருங்கள், விரல் நுழையும் துளை இருக்கும். முகத்துக்கு நேரே வந்து நின்று மிரட்டுவது பெரும்பாலும் ஆண். அதற்குக் கொடுக்கே கிடையாது. இதைத் தெரிந்துகொண்டும் நான் ஓடத்தான் செய்கிறேன்.

செம்மண்ணில் பென்சில் அளவு ஓட்டையும் பக்கத்தில் சிறு மண்குவியலும் கண்டால் அதுவும் தேனீயாக இருக்கலாம். மண்ணில் குடியிருப்பவை ஏராளம். ஆனால் ஓட்டையைச் சத்தமாகச் சுட்டிக்காட்டாதீர்கள். 1930-களில் இந்தப் பக்கத்து நிலக்காரர் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்குத் துளை போட்டபோது கறுப்பாக ஏதோ வந்தது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் கதை அங்கே தொடங்கியது. அன்றிலிருந்து தரையில் துளை என்றால் இந்தப் பக்கத்தில் ஒரே கேள்விதான்: "நிலம் எடுக்கப் போறாங்களா?"

கடைசியாக, சமையலறை பிளக் பாயின்ட். மிக்ஸி செருகும் மூன்று ஓட்டைகளில் பெரியதை யாரோ மண் வைத்துப் பூசியிருந்தார்கள். குளவியும் பூசும், இலைவெட்டியின் சொந்தக்காரர்கள் சிலரும் பூசுவார்கள். வித்தியாசம் காண்பது மிகச் சுலபம்: உடைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே மயங்கிக் கிடக்கும் சிலந்திகள் இருந்தால் குளவி, மஞ்சள் மாவு இருந்தால் தேனீ. மெயினை அணைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவர் எடுத்தேன்.

"கைய வெச்சே, பாரு!" என்றார் அம்மா. வீட்டில் குளவி கூடு கட்டினால் யாரோ முழுகாமல் இருக்கிறார்கள் என்று அர்த்தம். தம்பிக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். அது குளவியே இல்லாமல் இருக்கலாம் என்றேன். "நீ வாயக் கழுவு" என்றார்.

அது வந்து போகும்போது கையில் என்ன கொண்டுவருகிறது என்று பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அந்த வாரம் எனக்கு முதல் ஷிப்ட். இப்போது மூன்று வாரமாக மிக்ஸி ஹாலில் ஓடுகிறது. அம்மா தினமும் காலையில் பிளக்கை ஒருமுறை பார்க்கிறார், பிறகு தம்பி மனைவியை.