வெறும் வயிற்றில் வாருங்கள்

ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் ரத்தக் கொதிப்பை வாங்கிக்கொண்டு வந்தேன், நேற்றுக் காலை. சர்க்கரை மட்டும் பார்க்க வேண்டும் என்று தெளிவாகத்தான் சொன்னேன். கவுன்ட்டரில் இருந்த பெண் இரக்கத்தோடு பார்த்தாள். "தனியா எடுத்தா உங்களுக்குத்தான் சார் நஷ்டம். பேக்கேஜ்ல போனீங்கன்னா தைராய்டு, லிவர், கிட்னி எல்லாம் வந்துடும்." இருக்கிற கிட்னியே போதும்மா என்றேன். சிரிக்கவில்லை. காபி குடிக்காதவன் சொல்லும் ஜோக்குக்கு அவ்வளவுதான் மரியாதை.

நல்ல லேபைக் கண்டுபிடிப்பது எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வருகிறேன். அதற்குள் லேபை ஒட்டியிருக்கும் டிபன் கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

முழங்கை மடிப்பில் பஞ்சும் பிளாஸ்திரியுமாக அங்கே எப்போதும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி குத்த வேண்டுமே! சர்வர் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறார். இந்த ஒரு வேளை விஷயத்தில் நம்மவர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு இரண்டே இட்லி. சாம்பாரில் வெல்லம் போடுவீர்களா என்று விசாரணை வேறு. வீட்டில் ஆறு இட்லிக்குப் பிறகுதான் இவர்கள் சட்னியையே கவனிப்பார்கள். மற்றக் கட்சிக்கு நாளை என்பது கிடையாது: பொங்கல், வடை, பூரி, கடைசியாக ஒரு கேசரி. நேற்று என் எதிரே இருந்தவர் இரண்டிலும் உறுப்பினர். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, கேசரியைப் பார்சல் கட்டச் சொன்னார். இரண்டாவது ரத்தம் கொடுத்த கையோடு சாப்பிடுவாராம்.

அடுத்தது மணிக் கணக்குச் சண்டை. இரண்டு மணி நேரத்தை முதல் வாயிலிருந்து எண்ண வேண்டும். நம் ஆட்கள் கை கழுவி, பில் கொடுத்து, சோம்பு மென்ற பிறகுதான் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அப்புறம் சர்க்கரை கரையட்டும் என்று தெருவைச் சுற்றிச் சுற்றி நடை. நடந்தால் குறையும்தான், அதனால்தான் சும்மா உட்காரச் சொல்கிறார்கள். யார் கேட்கிறார்கள்? வருஷம் முழுக்க வாசல் கேட்டைத் தாண்டாதவருக்கு அன்றைக்கென்று கால் நிற்காது.

இத்தனை சாமர்த்தியத்துக்கும் ஆப்பு வைத்தது ஹெச்பிஏ1சி என்ற ரத்தச் சோதனை. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. அதில் ஒட்டிய சர்க்கரை, இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லிவிடுகிறது. 5.7க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 6.5ஐத் தொட்டால் நீரிழிவு. ஒரு வாரம் பாகற்காய் ஜூஸ் குடித்த தியாகமெல்லாம் அதனிடம் செல்லாது. இதில் எனக்கு எரிச்சல் என்னவென்றால், அந்தச் சோதனைக்குப் பட்டினியே தேவையில்லை. அதற்கும் சேர்த்துத்தான் "வெறும் வயித்துல வாங்க" என்று எல்லோரையும் விடிகாலையில் கொண்டுவந்து உட்கார வைக்கிறார்கள்.

லேப் விஷயத்தை மறக்கவில்லை. சுவரில் லேபின் தரத்துக்குக் கொடுக்கும் என்ஏபிஎல் சான்றிதழ் தொங்கினால் அது எந்த விலாசத்துக்குக் கொடுத்தது என்று படியுங்கள். பல இடங்களில் நீங்கள் நிற்பது ரத்தம் எடுக்கும் கடை மட்டும்தான். ரத்தம் பைக்கில் ஏறி வேறெங்கோ போகிறது. சர்க்கரை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். காசு வாங்குவதில்லை, பேக்கேஜும் கிடையாது.