கட்டைவிரலுக்கு இடமில்லை

என் கட்டைவிரலைப் பற்றி வீட்டில் யாருக்கும் நல்ல அபிப்பிராயம் கிடையாது. செல்போனில் ஓர் எழுத்தைத் தொட்டால் பக்கத்து வீட்டு எழுத்தும் கதவைத் திறந்துகொண்டு வரும். இப்பேர்ப்பட்ட விரலை வைத்துக்கொண்டு, 7 சென்டிமீட்டர் நீளமுள்ள வீடியோ கேம் கண்ட்ரோலரை எதற்கு வாங்கினீர்கள் என்று மனைவி கேட்டதில் தப்பே இல்லை. என்னிடமும் பதில் உண்டு. ஆனால் அது 1982-இல் ஆரம்பிக்கிறது. அவளுக்கு அடுப்பில் குழம்பு இருந்தது.

அந்த வருடம் நிண்டெண்டோவில் வேலை பார்த்த குன்பெய் யோக்கோய், டாங்கி காங் விளையாட்டைப் பாக்கெட்டில் வைக்கிற மடக்குக் கருவி ஒன்றுக்குள் அடைத்தார். கடைகளில் ஆடும் பெரிய இயந்திரத்தில் இருப்பதுபோலக் குச்சி வைத்தால் மூடி மூடாது. ஆகவே நான்கு திசைக்கும் சேர்த்து, கூட்டல் குறி வடிவத்தில் ஒரே பொத்தான். விரலை எடுக்காமல், குனிந்து பார்க்காமல் திசை மாற்றலாம். அடுத்த வருடமே நிண்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற வீட்டுக் கருவியின் கண்ட்ரோலரில் அது உட்கார்ந்துவிட்டது. அதைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள்.

2017-இல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச்சின் இடது பக்கக் கண்ட்ரோலரான ஜாய்-கானில் மட்டும் அந்தக் கூட்டல் குறியைக் காணோம். பதிலுக்கு நான்கு உருண்டைப் பொத்தான்கள். ஜாய்-கான் இரண்டையும் கழற்றி, குறுக்கே பிடித்து, இரண்டு பேர் ஆளுக்கொன்றாக ஆடலாம். அப்போது இந்த நான்கும் தாவ, அடிக்க என்று வேறு வேலைக்குப் போய்விடும். நல்ல ஏற்பாடுதான், கூட ஆட ஆள் இருப்பவர்களுக்கு. எனக்குக் கூட்டல் குறிதான் வேண்டும்.

ரிச்சி தெருப் பக்கம் ஒரு கடையில், வேறு ஏதோ கம்பெனி செய்த அந்தக் குட்டிக் கண்ட்ரோலரை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். எடை 20 கிராம். ஒரு பக்கத்து ஜாய்-கான் மட்டுமே கிட்டத்தட்ட 50 கிராம்.

“கீ செயின்லயே மாட்டிக்கலாம் சார். ட்ரிஃப்ட் பிரச்சினையும் வராது” என்றார் கடைக்காரர்.

ட்ரிஃப்ட் என்பது பெரிய தலைவலி. ஜாய்-கான் குச்சிக்கு அடியில் கரிப்பூச்சுப் பட்டைமீது ஒரு சின்ன உலோக நுனி உரசிக்கொண்டே இருக்கும். பட்டை தேய்ந்துபோனால், யாரும் தொடாமலேயே திரையில் வீரன் தன்பாட்டுக்கு நடக்க ஆரம்பிப்பான். இதில் மட்டும் எப்படி வராது என்று திருப்பிப் பார்த்தேன். குச்சியே இல்லை. தலையே இல்லாதவனுக்குத் தலைவலி ஏது? அதிர்வும் கிடையாது, சாய்த்தால் உணரும் வித்தையும் கிடையாது. இத்தனையும் இல்லை என்று அட்டைப்பெட்டியில் எங்காவது போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தால் அதுவும் கட்டைவிரல் மறைத்துக்கொண்ட இடத்தில்தான் இருந்திருக்கும்.

ஸ்விட்ச்சோடு இணைப்பது தனிக் கலை. ஸ்டார்ட்டோடு ஒரு பொத்தானை அமுக்கினால் ஸ்விட்ச், இன்னொன்றை அமுக்கினால் ஆண்ட்ராய்டு, வேறொன்றை அமுக்கினால் விண்டோஸ். என் விரல் எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கியது. எந்த மதத்தில் சேர்வது என்று தெரியாமல் விளக்கு வெகுநேரம் மினுக்கிக்கொண்டிருந்தது.

முதலில் ‘ப்ரெத் ஆஃப் தி வைல்ட்’ போட்டேன். அதை இதில் ஆடக் கூடாது என்று படித்தவர்கள் சொல்வார்கள். ஆடக் கூடாதுதான். கூட்டல் குறியையே குச்சியாகப் பாவிக்க வைக்க ஒரு குறுக்குவழி இருந்தது, செய்தேன். குச்சியை லேசாகத் தள்ளினால் கதாநாயகன் லிங்க் மெல்ல நடப்பான், முழுக்கத் தள்ளினால் ஓடுவான். பொத்தானுக்கு ‘லேசாக’ என்பதே தெரியாது. பதுங்குவதற்குக் குச்சியை அமுக்க வேண்டும், அதற்கும் வழியில்லை. தூங்குகிற அரக்கன் பக்கத்தில் பூனை மாதிரி போக வேண்டிய இடத்துக்கு, கல்யாண வீட்டில் பந்திக்கு ஓடுகிறவனாகத் தடதடவென்று போய்ச் சேர்ந்தான் லிங்க். அரக்கன் விழித்துக்கொண்டான். மீதியை நான் பார்க்க விரும்பவில்லை. விரும்பினாலும் பார்வையைத் திருப்ப வலது குச்சி ஏது?

அடுத்தது ‘டெட்ரிஸ் 99’. தொண்ணூற்றொன்பது பேர் ஒரே நேரத்தில் கட்டம் அடுக்கி, ஒருவர் தலையில் ஒருவர் குப்பையைக் கொட்டும் அருமையான விளையாட்டு. மேல் பொத்தானை அமுக்கினால் கட்டை சட்டென்று அடியில் விழும். இடது பக்கம் நகர்த்தத்தான் அமுக்கினேன். ஆனால் அந்தக் கூட்டல் குறியில் என் விரல் இடதையும் மேலையும் ஒருசேர ஆக்கிரமித்தது. நீளக் கட்டை நட்டநடுவில் போய்ச் செங்குத்தாக நின்றது. அடுத்ததும் அதன் தலைமேல். எதிரிகள் தொண்ணூற்றெட்டுப் பேரும் எனக்காகச் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

பக்கத்தில் இருந்த மகள், “அப்பா, இது குழந்தைங்களுக்குப்பா” என்றாள். அவளுக்கு வயது எட்டு.

கடைசியில், 1985-இல் வந்த பழைய ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’. அதில் கொடிச்செடியில் ஏறும் இடம் தவிர மேல் பொத்தானுக்கு வேலையே இல்லை. என் இடது விரல் எவ்வளவு வேண்டுமானாலும் ஆக்கிரமிக்கலாம். அதைவிட முக்கியம், வேகமாக ஓட பி-யை அமுக்கிப் பிடித்துக்கொண்டே, அதே விரலால் ஏ-யைத் தட்டித் தாவ வேண்டும். சின்ன விரல்காரர்கள் இதற்கு விரலை உருட்டிப் படாதபாடு படுவார்கள். எனக்கோ விரலை வைத்தாலே இரண்டும் அடங்கிவிட்டன. நுனி பி-யில், நடுச்சதை ஏ-யில், கொஞ்சம் அழுத்தம் மாற்றினால் போதும். மாரியோ ஓடிவந்து, பள்ளத்தைத் தாண்டி, ஆமையை மிதித்து, கொடிக்கம்பத்தின் உச்சியைப் போய்ப் பிடித்தான். மகள் என் விரலைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எப்படிப்பா?”

“பரம்பரை” என்றேன்.

அந்தப் பெருமையில்தான் அதை ஸ்கூட்டர் சாவியோடு மாட்டினேன். பாக்கெட்டில் நெருக்கியடிக்கும்போது ஸ்டார்ட் தானாக அமுங்கும், கண்ட்ரோலர் விழித்துக்கொண்டு தன் ஸ்விட்ச்சைத் தேடும் என்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை. மகள் ஹாலில் பந்தயக் கார் ஓட்டிக்கொண்டிருப்பாள். நான் குனிந்து கால் கழுவுவேன். அவள் ஆட்டம் அப்படியே நின்று, எந்தக் கண்ட்ரோலரில் ஆடப் போகிறீர்கள் என்று திரை கேட்கும்.

“அம்மா! அப்பா வந்துட்டாங்க!” என்று அவள் அலறுவதைக் கேட்டுப் பக்கத்து வீட்டில் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்களோ தெரியாது.

இப்போது எங்கள் வீட்டில் செருப்போடு சாவியையும் வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்று சட்டம். ஸ்கூட்டர் போனால் போகட்டும் என்கிறாள் மகள்.