ஏலம் ஒரு தரம்!

டீக்கடையில் பூராவும் ஐபிஎல் ஏலப் பேச்சுதான். அதைவிடக் காசு புரளும் மட்டை ஆட்டம் உண்டா? (வாசகர், பிளவக்கல்)

பேஸ்பால்! 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி, ஜப்பான்காரர் ஷோஹே ஒட்டானிக்குப் பேசிய தொகை 10 ஆண்டுக்கு 70 கோடி டாலர். ஆனால், அந்த 10 ஆண்டும் கைக்கு வருவது ஆண்டுக்கு 20 லட்சம் டாலர்தான். மீதி 68 கோடி 2034 முதல் 2043 வரை, வட்டியில்லாமல்! பெரியாறு, கோவிலாறு என இரண்டு அணை வைத்திருக்கும் உங்களுக்குத் தேக்கித் திறப்பதைச் சொல்லித்தரணுமா?

அந்த ஆட்டத்தில் நம்மவர் யாரும் இல்லையா? (வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்)

உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறி வீரர்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் ஒரு டிவி போட்டி வழியாக 2008-ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸில் ஒப்பந்தமானார்கள். மேஜர் லீக் எட்டவில்லை. ரிங்கு பிறகு மல்யுத்த மேடை ஏறி, பந்துக்குப் பதில் ஆளைத் தூக்கி எறிந்தார்!

அதிக விலை போனவர்தான் நல்ல ஆட்டக்காரரா? (வாசகர், ராஜபாளையம்)

ஐபிஎல் ஏலத்தில் பந்துவீச்சாளர் வருண் சக்கரவர்த்தியைப் பஞ்சாப் 8.40 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2019 சீசனில் ஆடியது ஒரே ஆட்டம். அடுத்து கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்தது. இந்திய அணிக்கே போய்விட்டார். விலை முதலாளி கணக்கு, விக்கெட்தான் ஆட்டக்காரர் கணக்கு.